ஓடுவதே தெரியாத ஃபேன்

நாற்பது வயதைக் கடந்த அந்தப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சமிருந்தார், அவளுடைய அப்பா. மற்றவர்களுக்கு அவள் வெறும் குரல். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் உதவி எண்ணுக்கு அழைத்தால், "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று ஒரு பெண் பேசுவாள் அல்லவா, அந்தக் குரல். வாக்கியம் கம்பெனி எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் குறையும்.

முன்பு அதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. ஒருநாள் கம்பெனி அதைக் காலி செய்துவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. வீட்டிலிருந்தபடியே வேலை, பஸ்ஸில் இடிபட வேண்டாம், எத்தனை சௌகரியம் என்றார்கள். நாற்காலி அவளுடையது, மின்சாரம் அவளுடையது, பக்கத்துக் கடையில் பழையதாக வாங்கிய கம்ப்யூட்டரும் அவளுடையது. கடைசியில் அமைதியையும் அவளே கொண்டுவர வேண்டும் என்று ஆனது. அழைப்பின் பின்னணியில் வீட்டுச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. பேசுகிறவளுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதே குற்றம் என்று விதி எழுதியவர்கள், தங்கள் வீட்டில் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுதினார்களோ தெரியாது.

பாப்பாவின் வீடு ஒரே அறை, ஒரு சமையல் மூலை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் மேசையும் கம்ப்யூட்டரும். அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். அவர் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்ப் ஓட்டியவர். சர்க்கரை நோய் முதலில் அவர் கண்ணைத் தின்றது, பிறகு கால்களின் பலத்தை. நாக்கை மட்டும் தொடவில்லை. திரைக்குப் பின்னால் படுத்தபடி நாள் முழுவதும் மகளின் உத்தியோகப் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஊருல இருக்கிறவன் கிட்னியெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்பார்.

ஒரு மதியம் அவள் அழைப்பில் இருந்தபோது அவர் தண்ணீர் கேட்டார். பழக்கம், அவ்வளவுதான். அழைப்புகளை ஒட்டுக் கேட்கும் பிரிவு அதைக் குறித்துக்கொண்டது. மேற்பார்வையாளர் போன் செய்தார். உங்கள் பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டதே, யார் அது என்றார். பாப்பா யோசிக்கக்கூட இல்லை.

"வீட்டுல வேற யாரும் இல்ல சார். டிவி ஓடிட்டு இருந்துச்சு."

சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவள் கட்டிலருகே போய் நின்றபோது, அவர்தான் முதலில் பேசினார்.

"இதப் பாரு பாப்பா. மெஷின் ஓடுற வரைக்கும் நான் இந்த வீட்டுல இல்ல. நின்னதும் வந்துடுறேன்."

அவள் சிரித்தாள். அழுதுவிடக் கூடாது என்பதற்காகச் சிரித்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு ஃபேன் கரகரவென்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல்தான் அவருக்குக் கடிகாரம். இரைச்சல் இருந்தால் வேலை நேரம். அழைப்பு மணி அடிக்காது, நேராக அவள் காதில் வந்து விழும். அதனால் அவள் பேசாமல் இருக்கும் இடைவெளியிலும் வாயைத் திறக்கக் கூடாது. இரைச்சல் நின்றால் வாயைத் திறக்கலாம், தண்ணீர் கேட்கலாம், மூத்திரப் பாத்திரம் வைக்கச் சொல்லலாம், பாப்பா என்று கூப்பிடலாம். பிள்ளைகள் பள்ளி மணிக்குக் காத்திருப்பதுபோல அந்த மனிதர் ஒரு ஃபேன் நிற்பதற்காகக் காத்திருந்தார்.

பிறகு கம்பெனி அந்த ஃபேனையும் கேட்டுவிட்டது. உங்கள் பக்கம் எப்போதும் மாவு மில் ஓடுவதுபோல இருக்கிறது என்றார் மேற்பார்வையாளர். இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் ஒன்றை அனுப்பினார். அந்தப் பழைய இயந்திரத்தில் அதை ஓடவிட்டால் சூடு ஏறியது, சூடு ஏறினால் ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றியது. இரைச்சலைக் குறைக்க வந்தது இரைச்சலைக் கூட்டியது. அடுத்த முறையும் இதே குறை வந்தால் அழைப்புகள் வராது என்று தெரிவித்தார்கள். வேலையை விட்டு நீக்குகிறோம் என்று சொல்வது அவர்கள் அகராதியில் இல்லை. அழைப்பு வராது, அவ்வளவே. அந்த வீட்டில் மருந்தும் சோறும் அந்த அழைப்புகளில்தான் வந்துகொண்டிருந்தன.

விடுமுறை நாளில் பாப்பா கம்ப்யூட்டர் பெட்டியைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு உதிரிபாகங்கள் விற்கும் தெருவுக்குப் போனாள். தெருவில் எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடும் கடைக்காரர் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு தலையணைக்கு வேண்டிய பஞ்சு இருக்கிறது என்றார். தூசியை ஊதித் தள்ளிய பிறகும் இரைச்சல் குறையவில்லை. பேரிங் தேய்ந்திருந்தது. பின்பக்கம் சின்ன ஃபேன் ஒன்றை வைத்திருந்தார்கள். சின்னது அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமென்றால் தலைதெறிக்கச் சுற்ற வேண்டும், பெரியது நிதானமாகச் சுற்றினால் போதும் என்று விளக்கினார். பெட்டியில் பெரிய ஃபேனுக்கும் துளை இருந்தது. முதலில் விற்றவன் மலிவுக்கு ஆசைப்பட்டுச் சின்னதை மாட்டிவிட்டிருக்கிறான்.

அலமாரியில் பல வகை இருந்தன. நீல விளக்கு எரியும் ஒன்றைக் காட்டி, இது சத்தம் கம்மியா என்று கேட்டாள்.

"லைட்டு போட்டா சத்தம் குறையுமாக்கா? அது பசங்க வாங்குறது."

அட்டையில் டெசிபல் கணக்குப் போட்டிருக்கிறதே என்றாள்.

"அது கல்யாணத் தரகர் சொல்ற வயசு மாதிரி. ஒரு பத்தாவது சேர்த்துக்கங்க."

பிறகு அவரே மூன்று வகையை எடுத்துப் பையில் போட்டு, வீட்டில் ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள், பிடித்த வகையை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். திருகாணிக்குப் பதிலாக மாட்ட ரப்பர் முளைகளும் கொடுத்தார். ஃபேனின் அதிர்வு தகரத்தில் ஏறாது என்றார். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கண்ணில் படமாட்டார். அநியாயத்துக்கு இப்போதெல்லாம் முகம் தேவைப்படுவதில்லை.

மூன்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். ஹெட்செட் மாட்டி மாட்டி மரத்த காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. அப்பாவைக் கேட்டாள். அவருக்கு ஏக உற்சாகம். பம்பின் பேரிங் கெட்டுப்போவதைத் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்தவர். முதல் ஃபேனைக் காதருகே பிடித்தபோது முகம் சுளித்தார், அச்சு ஆடுகிறது என்றார். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் வேகம் கூடினால் விசில் அடிக்கும் என்றார். மூன்றாவதைப் பிடித்தாள். அவர் காத்திருந்தார்.

"ஆன் பண்ணு பாப்பா."

"ஓடிட்டுதான்பா இருக்கு."

அவர் கையை நீட்டினார். விரல்களில் காற்றுப் பட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "திருட்டுப்பய. இவனை வச்சுக்கோ. இவன்தான் உன் கம்பெனிக்குச் சரியான ஆளு."

அன்று அந்த வீட்டில் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருவருக்குமே ஒன்று தோன்றவில்லை. அவருடைய கடிகாரத்தைக் கழற்றிப் பழைய சாமானில் போட்டிருந்தார்கள்.

கம்பெனிக்குத் திருப்தி. இப்போதுதான் உங்கள் வீட்டில் யாருமே இல்லாததுபோல இருக்கிறது என்று மேற்பார்வையாளர் பாராட்டினார். அப்பா கூப்பிடுவதும் குறைந்தது. இரைச்சல் போனதால் நன்றாகத் தூங்குகிறார் என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். அவர் தூங்கவில்லை. மகள் பேச்சு நிற்கும். அது இரண்டு அழைப்புகளுக்கு நடுவிலா, வேலை முடிந்தா என்று தெரியாது. தப்பாகக் கூப்பிட்டு அவள் பிழைப்பில் மண்ணைப் போடுவதைவிட, அவளாக வரும்வரை பேசாமல் இருப்பது மேல் என்று முடிவு செய்துவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் மறுபடியும் இரைகிற ஃபேனைத் தேடிப் போவாளோ என்று பயந்திருக்கலாம்.

ஒரு மாலை, வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைத்தாள். எழுந்து போகத் தெம்பில்லை. ஹெட்செட்டைக் கழற்றாமலே மேசையில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

விழித்துத் திரையை விலக்கியபோது அப்பா தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து சரிந்து இறங்கப் பார்த்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. தோளில் கிடக்கும் துண்டின் முனையை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அவள்தான் அதை வெளியே இழுத்தாள்.

"ஏம்பா கூப்பிடல? இங்கதானே இருந்தேன்."

அவர் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாக, கம்பெனி காதில் விழாதபடி கேட்டார்: "மெஷின் நின்னுடுச்சா?"

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த இடத்திலேயே நெஞ்சில் சளி கட்டியது. அவர் வீடு திரும்பவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். அவருடைய அக்கா, பாப்பாவின் அத்தை, மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது அதைவிடக் கொடியது. "ஒரு கயிறு போதுமேடி. ஒரு முனையை அவன் கையில கொடுத்து, ஒரு முனையை உன் கையில கட்டியிருந்தா இழுத்திருப்பானே." உண்மைதான். ஒரு கயிறு போதும். கொடிக்கயிற்றில் வெட்டிய ஒரு துண்டு. ஃபேனைப் பற்றி அத்தனை தெரிந்துகொண்ட பாப்பாவுக்கு, பேரிங்கைக் காதால் அளந்த அப்பாவுக்கு, அது தோன்றவில்லை. அடுத்த வீட்டுக்காரர், கடைக்கார டாக்டர், துக்கம் கேட்க வந்த எல்லாரும் அந்தக் கயிற்றைப் பற்றியே பேசினார்கள். ஒரு கிழவர் தண்ணீர் கேட்கும் சத்தம் எப்படிக் குற்றமாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. விதி உண்டுதான். அதைத் தலையில் எவனும் எழுதவில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, தரக் கட்டுப்பாடு என்று தலைப்பிட்டு எழுதினார்கள். மனிதன் எழுதியதை மனிதன் கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் அடிக்க வேண்டியவர்கள் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், பாப்பாவும் சேர்ந்து.

அவள் ஒருமுறை டாக்டரின் கடைக்குப் போய், தான் கொடுத்துவிட்டு வந்த பழைய ஃபேன் இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. காயலான் கடைக்குப் போய்விட்டது என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

சம்பளமில்லாத விடுப்பு முடிந்தது. அந்த மாதத்து மதிப்பீட்டில் பின்னணி அமைதிக்கு முழு மதிப்பெண் வந்திருந்தது. கட்டில் இன்னும் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. காலையில் பொத்தானை அழுத்திய பிறகு பாப்பா மேசைக்கடியில் குனிந்து, பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்க்கிறாள். காற்று வருகிறது, ஓடுகிறது. ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறாள். மணி அடிக்காமல் யாரோ ஒருவர் காதில் வந்து விழுகிறார்.

"சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."