பலகைச் சுவரில் கேட்ட சொல்

பேய் என்று யாராவது வாயெடுத்தால் போதும், என்னைத் தேடி ஆள் வந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை வேலை. மிச்ச நேரத்தில் எங்கே கூரையில் கல் விழுந்தது, எங்கே கதவு தானாகத் திறந்தது என்று விசாரித்துப் பத்திரிகைக்கு எழுதுவேன். பள்ளியில் எனக்குப் ‘பேய் டீச்சர்’ என்றே பெயர். சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அலைந்த என் வீட்டுக்காரர், "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்" என்பார்.

மலாயாவின் விடுதலை நாளான மெர்டேக்காவுக்குச் சில வாரங்களே இருந்தன. மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு வாடகை வீடு. ரப்பர் தோட்டத்திலிருந்து அங்கே வாழ வந்த பெண்ணுக்கு வயிற்றில் முதல் பிள்ளை. மத்தியானத்தில் தனியாக இருக்கும்போது பின்னறையில் ஒரு குரல் பேசுகிறது என்றாள். அந்த நேரத்தில் கணவன் வேலையில் இருப்பான். மாமியார் பண்டார் ஹிலிரில் துணி துவைக்கப் போயிருப்பார். வேறு யாருக்கும் கேட்கவில்லை என்பதால் கோளாறு பெண்ணிடம்தான் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் பூசாரி வந்து ரோத்தான் பிரம்பால் அடித்துப் பேயோட்டப் போகிறார். பிள்ளைத்தாய்ச்சியை அடிக்கப் போகிறார்களாம். நாட்டுக்கு விடுதலை, இவளுக்குப் பிரம்படி.

"அது என்ன சொல்லுச்சு?" என்று அவளிடம் கேட்டேன்.

"பாத்துச்சுன்னு சொல்லுது டீச்சர். என்னையப் பாத்துருச்சாம்."

காதில் விழுந்த சத்தம் வேறு, பயந்த மனம் அதற்குச் சொல்லும் அர்த்தம் வேறு. இத்தனை பேய் வீடுகளுக்கு அலைந்து நான் கற்றது அது ஒன்றுதான். "அர்த்தம் வேணாம்மா. கிளிப்பிள்ளை மாதிரி அந்தச் சத்தத்த மட்டும் சொல்லு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "பார்ச்சு" என்றாள். திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதே.

பின்னறைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா குடியிருந்தார். மலாக்காச் செட்டிக் குடும்பம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். மங்குஸ்தீன், ரம்புத்தான் பழங்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தவரிடம் பார்ச்சு என்றால் என்ன என்று மலாயில் கேட்டேன். இறந்துபோனவர்களுக்குப் படைப்பதாம். அவருடைய தாயார் உயிர்விட்டது அந்தப் பின்னறையில்தான். வாடகைக்கு விட்ட அறைக்குள் போகக் கூச்சப்பட்டு, தினமும் மத்தியானம் பலகையில் வாய் வைத்து, "மாக், பார்ச்சு டா டெக்காட்" என்பாராம். அம்மா, படையல் நெருங்கிவிட்டது, வந்துவிடு என்ற அழைப்பு. நம்முடைய ‘படைச்சு’தான் தேய்ந்து பார்ச்சு ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாலையில் மாமியாரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க படிச்சவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க டீச்சர். எங்க யாருக்கும் கேக்கலியே" என்று முடித்துவிட்டார். மேலே பேசிப் பயனில்லை. வீட்டுக்காரம்மாவிடம் நாளைக்கும் வழக்கம்போலப் பேசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பின்னறையில் அவளைத் தலைவிரி கோலமாக உட்கார வைத்திருந்தார்கள். பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கமிருந்து வந்த பூசாரி உடுக்கை அடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. பேய் பேசுற நேரம்" என்றேன்.

"பேய்க்கு நேரங்காலம் குறிச்சுக் குடுக்கறது டீச்சரம்மாதானா?" என்று அவர் சிரித்தார். ஆனாலும் உடுக்கையைக் கீழே வைத்தார்.

சத்தமே இல்லை. உடுக்கைக்குப் பயந்து வீட்டுக்காரம்மா எங்காவது போய்விட்டாரோ என்று பலகைச் சுவரையே பார்த்தேன். "போதும் சாமி, ஆரம்பிங்க" என்றார் மாமியார். பூசாரி ரோத்தானை ஓங்கினார். அந்தப் பெண் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். நான் எட்டிப் பிரம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை.

"மாக்... பார்ச்சு..." என்றது சுவர்.

பூசாரியின் கை தளர்ந்தது. மாமியார் பின்வாங்கிப் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பாத்துச்சுங்குதே" என்றார்.

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் மாமியாரின் காலருகே தவழ்ந்து போய்விட்டாள்.

"அத்தை, ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

அவள் மாமியாரின் சேலையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுங்க அத்தை, ஒங்களுக்கும் கேட்டுச்சா?" கேட்டுச்சும்மா என்று மாமியார் சொல்கிறவரை அவள் விடவில்லை.