அபிதகுசாம்பாளின் சொந்தக் கரண்ட்

எங்கள் தெருவுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவள் நான்தான். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் நம்பவும் செய்தார்கள். எழுத்தில் வரும்போது கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெரு என்று நான் சொன்னது ஒரு வீடு. அதிலும் பாதி வீடு. கொண்டுவந்தவள் நான் அல்ல, பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அதுவும் கை வலிக்காத நேரத்தில்.

அபிதகுசாம்பாள் பாவு பிணைப்பவள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பட்டுப் பாவு நெய்து முடிந்ததும், தறியில் நிற்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். ஆரணியில் அவளைப்போல் வேகமாகப் பிணைப்பவள் இல்லை. அவளைப்போல் வேகமாகச் சண்டைக்குப் போகிறவளும் இல்லை. பால்காரர் அவள் வாசலில் மட்டும் மணி அடிக்க மாட்டார். பாக்கெட்டை வைத்துவிட்டு ஓடுவார்.

அவளுடைய பெரிய சண்டை மாணிக்கவேலோடு. இறந்துபோன கணவனின் அண்ணன், பட்டு நெய்பவர். கணவன் இறந்த வருஷமே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. சுவர் சரிபாதியாகத்தான் நின்றது. ஆனால் மீட்டரும் மெயின் சுவிட்சும் அவர் பக்கம் போய்விட்டன. அதன் பிறகு இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. அவள் துடைப்பத்தைப் பார்த்துப் பேசுவாள், அவர் தம் சைக்கிளைப் பார்த்துப் பேசுவார். போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேரும்.

"ஏ தொடப்பமே, சில பேருக்கு பேரன் பேத்தி எடுத்தும் புத்தி வரல பாரு."

"சைக்கிளே, இந்தத் தெருவுல நாய்த் தொல்ல ஜாஸ்தியாயிடுச்சி."

சைக்கிள் தோற்கிற மாதிரி இருந்தால் மெயின் சுவிட்ச் அணையும். அவள் பக்கம் இருட்டாகிவிடும்.

கார்த்திகையில் ஒரு மாலை, பிணைப்பு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மீதியை முடித்தாள். விடிந்து பார்த்தால் இழைகள் தாறுமாறு. பாவுக்குச் சொந்தக்காரர், இனி உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத் துடைப்பத்திடம் அவள் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் வந்தாள்.

"ஆயா, எனக்குத் தனிக் கரண்ட் வேணும். இல்லனா தொழில் போச்சி."

"எலக்ட்ரீஷியன கூப்புடு."

"எவன் வரான்?"

அதுவும் நியாயம்தான். ஊரில் உள்ள எலக்ட்ரீஷியன்கள் எல்லோரோடும் அவள் சண்டை போட்டு முடித்திருந்தாள். பெரணமல்லூரிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். செருப்பைக் கழற்றிவிட்ட இடம் சரியில்லை என்று அவள் ஆரம்பித்தாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினார்.

எங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் மார்கழி பிறந்ததும் குறுகிய காலப் பயிற்சிகள் தொடங்கும், பொங்கலுக்குள் முடிந்துவிடும். கேக் செய்வது, ஆரி வேலை, அழகுக்கலை, ஹவுஸ் ஒயரிங். பெண்கள் எல்லோரும் கேக்குக்குப் போனார்கள். அபிதகுசாம்பாள் ஒயரிங்குக்குப் பெயர் கொடுத்தாள். ஒரு நல்ல சண்டையைத் தவறவிட மனமில்லாமல் நானும் கொடுத்தேன்.

பாடம் எடுத்தவர் சுதாகர். லைசன்ஸ் உள்ளவர், ஒயரிங் சரியாக இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால் புது இணைப்புக் கேட்கலாம். எங்களைக் கண்டதும் அவர் முகம் புளித்துப்போனது.

"கேக்கு கிளாஸ் அடுத்த ரூமுங்க."

"தெரியும் சார். வாசன வருது," என்றாள் அவள். "இங்கதான் இன்னும் ஒண்ணும் வேகல போலக்குது."

செய்யாறு கம்பெனி வேலைக்குக் காத்திருந்த பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சுதாகர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

செய்முறை நாள் வந்தது. பலகையின் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட ஒயர்கள். இணைத்து பல்பை எரியவிட வேண்டும். மற்றவர்கள் ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் இடுப்பிலிருந்து சாம்பல் பொட்டலத்தை எடுத்து, விரலில் தொட்டு, முறுக்கி முடித்துவிட்டாள். அழகான முறுக்கு. சுதாகரே குனிந்து பார்த்தார். அவள் சுவிட்சைப் போட்டாள்.

அந்தச் சத்தத்தில் போளூர் பஸ் நடுரோட்டில் தானாக நின்றது என்று நான் சொல்வதுண்டு. நடந்தது இவ்வளவுதான்: கல்லூரி முழுக்கக் கரண்ட் போய்விட்டது, பக்கத்து அறையில் ஓவன் அணைந்து கேக்குகள் எல்லாம் அமுங்கிவிட்டன. மாவுக் கரண்டியோடு பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

"யாரும்மா அது?"

"நான்தான். இப்ப இன்னான்ற?"

சுதாகர் டார்ச் அடித்துப் பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து நீங்க வராதீங்க."

"வரல. எது தப்புன்னு சொல்லுங்க, போறேன்."

இந்தப் பக்கத்து முதல் ஒயரை அந்தப் பக்கத்து முதல் ஒயரோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் வரிசை பிசகாமல் பிணைத்திருந்தாள்; அந்தப் பக்கம் நிறங்கள் இடம் மாறியிருந்ததைக் கவனிக்கவில்லை. பாவில் எல்லா இழையும் ஒரே நிறம். அங்கே வரிசைதான் எல்லாம், ஒன்று மாறினாலும் சேலை பாழ்.

"செவப்பு செவப்போட, கறுப்பு கறுப்போட. பச்ச, எர்த்து. வரிசைலாம் கெடையாது."

"வரிசையே கெடையாதா? இன்னா தொழில் சார் இது?"

"உசுரு போற தொழிலும்மா."

"இத மொத நாளே சொல்றதுல இன்னா பேஜாரு உங்களுக்கு?"

அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அவள் ஜன்னலோர இடத்துக்காகச் சதீஷ் என்ற பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இதை எடுத்துச் சொன்னதற்காக என்னோடும் கொஞ்ச நாள் பேசவில்லை.

மறுநாள் அதே ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். துரத்தினால் வாசலில் நின்று கத்துவாள் என்று சுதாகருக்குத் தெரிந்திருந்தது. கடைசி வாரம் அவரே ஒரு வழி சொன்னார்: "உங்க வீட்டையே ஒயரிங் பண்ணுங்க. பரீட்சைக்கு அங்கியே வரேன். ஒரு எர்த்து விட்டுப்போனாலும் கையெழுத்து கெடையாது."

செய்தாள். ஏணி பிடித்த கதையை மேலே சொல்லிவிட்டேன்.

பரீட்சை நாள் விடியலில் கதவைத் திறந்தால், மாணிக்கவேலின் பாவு தெருவில் நீட்டி நின்றது. பாவில் போட்ட கஞ்சி காய, நடுத்தெருவில் நீட்டுவதுதான் வழக்கம். அன்றைக்கு அவள் வாசற்படியை உரசிக்கொண்டு, இடுப்பு உயரத்தில். நீட்டிய பாவை ஆரணியில் யாரும் தாண்டவோ தள்ளவோ மாட்டார்கள்; மாட்டைக்கூடச் சுற்றி ஓட்டிப்போவார்கள்.

"சைக்கிளே, இன்னிக்கி பனி ஜாஸ்தி. பாவு எடுக்க மதியம் ஆவும்."

சுதாகர் பைக்கை அந்தப் பக்கம் நிறுத்தினார். "மதியம் எனக்கு வேலூர்ல வேல. அடுத்த மார்கழியில பாக்கலாம்."

"குனிஞ்சி வாங்க சார்."

"நான் யாருக்கும் குனியற ஆள் இல்ல."

"மனுசனுக்குக் குனியாதீங்க. இது பட்டு."

அவர் பைக்கைத் திருப்பினார். நான் என் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மதில்மேல் தூக்கிப் போட்டேன். அதில் சொருகி, அவள் எல்லாச் சுவிட்சையும் தட்டினாள். பனிமூட்டத்தில் அந்தப் பாதி வீடு மட்டும் பளிச்சென்று எரிந்தது. தப்புக் கண்டுபிடிக்காமல் போக வாத்தியாருக்கு மனம் வரவில்லை. குனிந்தார். சட்டைப்பையில் செருகியிருந்த டெஸ்டர் பாவில் மாட்டி, ஒரு பிடி இழை பட்பட்டென்று அறுந்தது.

மாணிக்கவேல் ஓடிவந்தார். அறுந்ததை உடனே பிணைக்காவிட்டால் பாவு முழுக்கத் தொய்ந்துவிடும். பிணைக்கத் தெரிந்தவள் வாசற்படியில் கை கட்டி நின்றாள்.

"சைக்கிளே, அறுந்துபோச்சே," என்றார்.

"சைக்கிள் பிணைக்குமா?" துடைப்பம் இல்லாமல், நேராக அவரைப் பார்த்தே கேட்டாள்.

அவர் சைக்கிளை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "பிணைச்சிக் குடும்மா."

"மொதல்ல சார் உள்ள பாக்கட்டும் மாமா. கையெழுத்து வரட்டும். அப்பறம் சாம்பல் எடுக்கறேன்."

சுதாகர் ஒவ்வொரு எர்த்தையும் குத்திப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, "இனிமே எந்த கோர்ஸுக்கும் வந்துடாதீங்க," என்றார். அவள் உட்கார்ந்து பிணைத்துக் கொடுத்தாள். தை மாதமே தனி மீட்டர் வந்தது. அன்றைக்கு மாணிக்கவேல் முதன்முறையாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, எரியும் டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கி, "இந்த வீட்டுக்கு நீதாம்மா வெளிச்சம்," என்றார்.

இதுவரை எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்த அபிதகுசாம்பாள் நின்றபடியே கேட்டாள்.

"அழவும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆயா. உள்ள வந்து, சமையக்கட்டு சுவிட்சு தலகீழா மாட்டிகினு இருக்குதுன்னாரு. இருந்துது. இன்னும் அப்படியேதான் இருக்குது. அந்த ஆளு சொல்லி நான் திருப்புவனா? எழுதறதுனா அத எழுது."