முதுகோடு முதுகு

முப்பது குட்டி நாற்காலிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளிய பிறகுதான் வண்டி டீச்சர் கைப்பையையே கீழே வைக்கிறார். மாலையில் தலைமையாசிரியை அவற்றை வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார். காலையில் இவர் அடுக்கிவிடுவார். இரண்டு வாரமாக இந்த மல்லுக்கட்டுதான்.

மழலையர் பள்ளியின் விளையாட்டு டீச்சர். குள்ள உருவம், கட்டடத்தையே அதிரவைக்கும் குரல். ஒரு பிள்ளை கையால் நடக்க, இன்னொன்று அதன் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போகும் விளையாட்டால் 'வண்டி டீச்சர்' என்று பெயர். மகளை விடவரும் நான் ஜன்னலோரம் நின்றுவிடுவேன். அலுவலகத்துக்குத் தினமும் தாமதம்.

ஜோடி சேர்ப்பதில் அவருக்கு ஒரு சட்டம்: நேற்று அடித்துக்கொண்டவர்கள்தான் இன்றைக்கு ஜோடி. "காலை விட்டா அவன் விழுவான்னு தெரியும்ல? தானா கெட்டியா பிடிச்சுக்கும்" என்பார். ஒருநாள் ஒரு பிள்ளை விட்டுவிட்டது. இன்னொன்றின் தாடையில் சிராய்ப்பு. அதன் பிறகுதான் தலைமையாசிரியை நாற்காலிகளைப் போட ஆரம்பித்தார்.

சேர்ந்த புதிதில் என் மகள் ஐந்து நிமிடம் நிமிர்ந்து உட்கார முடியாமல் மேசைமேல் சரிவாள். இப்போது வண்டியாக அறையைச் சுற்றி வருகிறாள். அதற்குள் இந்த வகுப்பையே நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

நேற்று தலைமையாசிரியை தாளோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"இனிமே தொட்டு விளையாடுற எதுவும் கிடையாது. எல்லாரும் உட்காரட்டும். கையெழுத்துப் போடுங்க."

"உட்கார்றதுக்கே வலு வேணுமே மேடம்? முதுகு நிக்காத புள்ளைய நாற்காலியில வச்சா மூட்டை மாதிரி சரியும்."

"விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். விழாம இருக்கத்தானே பழக்குறேன்?"

"வேலை போயிடும்."

"போகட்டும். இருக்குற வரைக்கும் விளையாடுவோம்."

பாயில் பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி, முழங்கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார்கள். தரையில் கையூன்றாமல் இருவரும் சேர்ந்து எழ வேண்டும். ஒருவர் மட்டும் முண்டினால் இரண்டு பேரும் விழுவார்கள். பெரியவர்கள் சத்தம் போட்டதில் எல்லோரும் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

என் மகள்தான் வாயைத் திறந்தாள். "சண்டை போட்டாங்க! அப்ப டீச்சரும் மேடமும்தான் ஜோடி!"

தலைமையாசிரியை தாளை நீட்டியபடியே நின்றார்.

வண்டி டீச்சர் அதை வாங்கவில்லை. தலைமையாசிரியைக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தார். முழங்காலை மடக்கிக்கொண்டு, இரண்டு முழங்கைகளையும் பின்னால் நீட்டினார்.