காணாக்கடிப் பூச்சியை மாமா தேடிய கதை

சின்னப் பிள்ளையில் எனக்கு அடிக்கடி காணாக்கடி வரும். உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, சொறிந்து சொறிந்தே கை ஓய்ந்துவிடும். கடித்த பூச்சியைக் கண்ணால் யாரும் கண்டதில்லை என்பதால்தான் அதற்கு அந்தப் பேர். என் மாமாவோ அதைக் கண்டுபிடித்துத் தீர்த்துக் கட்டுவது என்றே இறங்கிவிட்டார்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலமானால் பஸ் ஏறி மல்லாங்கிணற்றுக்கு எங்களைப் பார்க்க வந்துவிடுவார். நகக்கண்ணில் மருந்துப்பொடி மினுங்கும். சட்டைப்பையில் எனக்கென்று கடலைமிட்டாய்ப் பொட்டலம் இருக்கும். அம்மா சமைப்பது நல்லெண்ணெயில். கடலை எங்கள் வீட்டு வாசல் ஏறுவதே மாமா பையில்தான். மடியில் உட்கார்ந்து நான் அதைத் தின்று முடித்த கொஞ்ச நேரத்தில் தடிக்க ஆரம்பிக்கும்.

“நான் வர்ற நேரம் பாத்தே கடிக்குதே, அம்புட்டுக் கொழுப்பா அதுக்கு!” என்பார் மாமா. அப்போதும் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

ஒரு சனிக்கிழமை கட்டில், பாய், தலையணை எல்லாவற்றையும் தெருவில் இழுத்துப் போட்டு உதறினார். நான் சொறிந்துகொண்டே அழுதேன். “அழாத தாயி, இன்னைக்கு அதுக்குச் சாவுதான்” என்று சொல்லி, என் வாயில் இன்னொரு கடலைமிட்டாயை வைத்தார்.

அதோடு தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி கத்தியது. அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நர்ஸம்மா ஓடி வந்தார்.

“பிள்ள என்னத்தத் தின்னுச்சு?”

“ஒண்ணும் திங்கலக்கா, பூச்சிதான் கடிச்சிருச்சு” என்றார் மாமா. மிட்டாய்த் தாள் அவர் கையில்தான் இருந்தது. நர்ஸம்மா அதையே பார்த்தார்.

ஆட்டோவில் விருதுநகருக்குப் பறந்தோம். ஊசி போட்டு மூச்சு திரும்பிய பிறகு, கடலைதான் காரணம், இனி அதன் துகள்கூடப் படக்கூடாது என்றார் டாக்டர். பால்குடிப் பருவத்திலேயே பக்குவமாகக் கடலையைக் கொடுத்துப் பழக்கினால் பல குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை வராமலே தடுக்கலாம் என்று இப்போது ஆராய்ந்து சொல்கிறார்கள். அன்றைக்குத் தள்ளி வைப்பது ஒன்றுதான் வைத்தியம்.

கடலை மூட்டை மூட்டையாகவும் எண்ணெய் டின் டின்னாகவும் வியாபாரம் நடக்கிற ஊரின் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, மாமா என் அம்மாவிடம் அழுதார்.

“நாந்தேன்க்கா அந்தப் பூச்சி.”

அடுத்த சனிக்கிழமை ஆவலாக ஓடினேன். கிட்டே வராதே என்று கையைக் காட்டிவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டார். பையில் கை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, மடியில் உட்காராமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

பஸ் சீட்டெல்லாம் கடலைத் தொலி கிடக்கும், சட்டையில் ஒட்டி வந்துவிடும் என்று அன்று சிவகாசியிலிருந்து நின்றுகொண்டே வந்தாராம். அம்மா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவுக்கு இப்போது என்னைப் பிடிக்கவில்லை என்பதுதான்.