ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே டயர்

மாதனூர் பஸ் ஸ்டாப்பில் காலை ஏழேகாலுக்கு நிற்பவர்களுக்குத் தினமும் ஒரு இலவச வேடிக்கை உண்டு. முந்நூறு சிசி பைக் ஒன்று உறுமிக்கொண்டு வரும். ஓட்டுவது நிஷா. பின்னால் இரண்டு டிபன் பைகளையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் புருஷன் ஜோசுவா. கல்யாணமாகி நான்கு வருடமாகியும் ஊர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. "இன்னாபா ஜோசுவா, வண்டிய உன் கைல குடுக்கவே மாட்டாங்களா?" என்று எவனாவது கேட்பான். ஜோசுவா சிரித்துக்கொள்வான். பதினேழு வயதில் வண்டி பழகப் போய்க் கால்வாயில் இறக்கியவன், அதற்குப் பிறகு ஹேண்டில்பாரைத் தொட்டதில்லை. வேறு யார் வண்டியிலும் ஏறுவதுமில்லை. நிஷாவின் பின்னால் மட்டும் உட்காருவான். அதைத் தனக்குக் கிடைத்த பெரிய கௌரவமாகவே அவள் நினைத்திருந்தாள்.

இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. அவன் கட்டிங் செக்‌ஷன், அவள் லேப். வெளிநாட்டுக்குப் போகும் ஷூவின் சோல் வளைகிறதா, தேய்கிறதா, வழுக்குகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ரப்பர் எது கையில் கிடைத்தாலும் முதலில் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்துவாள். பிறகு, கடிகாரம் மாதிரி முகமும் அடியில் ஊசியும் உள்ள சின்னக் கருவியை வைத்து எண்ணைப் பார்ப்பாள். எண் கம்மியானால் ரப்பர் மெத்து, மெத்தானால் பிடிப்பு. ஒன்பது வருடமாக இதே பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ரேஸ் பைத்தியத்தைப் பிடித்துக் கொடுத்ததும் கம்பெனிதான். பைக் ஓட்டுபவர்கள் போடும் பூட்ஸுக்கு ஒரு ஆர்டர் வந்தபோது, சோல் எங்கே தேய்கிறது என்று பார்த்துவர அவளை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்குக்கு அனுப்பினார்கள். பார்க்கப் போனவள் அடுத்த தடவை தன் வண்டியோடு போய் நின்றாள். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். வருடத்துக்கு இரண்டு ஞாயிறு அப்படித் திறந்துவிடுவார்கள். அந்த இரண்டு ஞாயிறும் சர்ச்சுக்கு மட்டம். மூன்று வருடமாக அவள் இரண்டாவது குரூப்பிலேயே கிடந்தாள். வளைவு வந்தாலே பிரேக்கை மிதிக்கும் பெரிய மனுஷர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஒரு சுற்றை இரண்டு நிமிடம் இருபது நொடிக்குள் முடித்தால் முதல் குரூப். அவளுடைய நேரம் இரண்டு இருபத்து நாலு. அந்த நாலு நொடி தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த மார்கழியில் பழைய டயர்கள் வழுக்கை விழுந்தன. சனியன் அங்கே ஆரம்பித்தது. தினமும் பின்னால் ஜோசுவாவை வைத்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் போகவும் அதே டயர், டிராக்கில் முழங்கால் தரையைத் தொடுமளவு சாய்க்கவும் அதே டயர். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள வசதியில்லை. மூன்று வாரம் போனிலேயே படித்தாள். பிறகு வேலூரில் ஷபீ அஹமது கடைக்குப் போனாள்.

ஷபீ பாய் இரண்டு ஜோடியை எடுத்து வாசலில் போட்டார். ஒன்று ரோட்டுக்காகச் செய்தது, டிராக்கையும் ஓரளவு தாங்கும்: நடுவில் கெட்டி, ஓரத்தில் மெத்து, தண்ணீர் வெளியேற நிறைய கோடுகள். இன்னொன்று டிராக்குக்காகச் செய்தது, ரோட்டையும் பொறுத்துக்கொள்ளும்: முழுக்க மெத்து, கோடு கம்மி. வருடத்தில் இரண்டு நாள் டிராக், மிச்ச நாளெல்லாம் ரோடு, யோசித்துக்கொள் என்றார். நிஷா யோசிக்கவில்லை, பையிலிருந்து கருவியை எடுத்தாள். ரோட்டு டயர் அறுபத்து நாலு காட்டியது, டிராக் டயர் ஐம்பத்தாறு. எட்டுப் புள்ளி வித்தியாசம். லேபில் இரண்டு புள்ளிக்கே மேனேஜரோடு மல்லுக்கு நிற்பவள் அவள்.

ஷபீ பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது செருப்பு பாக்கற மிஷின்மா. செருப்பு சூடாவாது. டயரு சூடாவணும்."

அவர் வியாபாரி, ஏதோ சொல்வார் என்று நினைத்து, டிராக் டயரையே மாட்டச் சொன்னாள். மதியம் மூன்று மணி. டயர்கள் கிடந்த இடத்தில் நல்ல வெயில். அதை அவள் கவனிக்கவில்லை. பின்னால் உட்காருகிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜோசுவா கேட்டது ஒன்றுதான், நல்ல டயரா என்று. ரொம்ப நல்ல டயர் என்றாள்.

டிராக் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, விழுந்தார்கள்.

அன்று பனி ஜாஸ்தி. உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிய லாரிகள் விடியும்வரை போய்வந்திருந்தன. அவை ஒழுகிய தண்ணீர், கம்பெனி ரோடு பிரியும் பாலத்தடியில் கறுப்பாகப் பளபளத்தது. ஆம்பூர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. அந்தத் தடத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி ஓட்டுவார்கள், அவ்வளவுதான். நிஷாவும் தள்ளித்தான் ஓட்டினாள். வேகம் இருபதுகூட இல்லை. கம்பெனி ரோட்டுக்கு இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் நழுவியது. அவள் கை தன்னால் சமாளித்தது. சக்கரம் ஒரு நொடி பிடித்தது. பிடித்துவிட்டது என்று அவள் நினைத்த அதே நேரத்தில் முழுதாகப் போய்விட்டது.

பின்னால் வந்த கம்பெனி பஸ் கிறீச்சென்று நின்றது. நிஷா எழுந்து திரும்பிப் பார்த்தாள். ஜோசுவா மல்லாந்து கிடந்தான். அவன் ஹெல்மெட்டுக்கும் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அவன் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, ஜோசுவாவுக்கு முழங்காலும் உள்ளங்கையும் தேய்ந்ததோடு போயிற்று. கூடியவர்கள் எல்லாரும் தோல் லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். கம்பெனி நர்ஸ் விசாரித்தபோது ஜோசுவாவும், ரோட்டில் தோல் லாரித் தண்ணீர் என்றான். நர்ஸ் நிஷாவைப் பார்த்தாள். நிஷா ஆமாம் என்று தலையாட்டினாள். வாயைத் திறக்காமலே சொன்ன பொய் அது.

ஏனென்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய டயரில், அதுவும் வழுக்கை விழுந்த டயரில், இதே தண்ணீரை இதே மார்கழியில் தினமும் தாண்டியிருக்கிறார்கள். கருவியை எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்குப் போனாள். பின் டயரில் நாலு இடத்தில் அழுத்தினாள். அறுபத்தைந்து. கடையில் ஐம்பத்தாறு காட்டிய அதே டயர், குளிரில் கட்டைபோல இறுகிக் கிடந்தது. ஆம்பூருக்கு வந்து சேரும் பன்னிரண்டு கிலோமீட்டரில் அது சூடாகப் போவதே இல்லை. லேபுக்குத் திரும்பி ரிப்போர்ட் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். வெப்பநிலை என்ற கட்டத்தில் இருபத்து மூன்று டிகிரி என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. ஏசி ரூமில் எப்போதும் அதுதான் என்பதால் ஒன்பது வருடமாக அந்தக் கட்டத்தை அவள் படித்ததே இல்லை. ஒரு டிரெய்னி வெயிலில் கிடந்த சோலை அளந்து கொண்டுவந்திருந்தால் பேப்பரை மூஞ்சியில் எறிந்திருப்பாள்.

அப்போதும் பாருங்கள், அவள் மனசு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சுற்றி வந்தது. டிராக்கில் இரண்டு சுற்றுப் போனால் போதும், இதே டயர் கொதித்துவிடும், பசையாக ஒட்டும். நாலு நொடி என்ன, ஐந்து நொடிகூடக் கிடைக்கும். ஒரே ஒரு நாள். திங்கட்கிழமை மாற்றிவிடலாம். அப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

சாயங்காலம் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை நீ ரயிலில் வந்துவிடு, வண்டியில் வேண்டாம் என்றாள். நாலு பேர் முன்னால்தான் வாங்க, போங்க, வீட்டுக்குள் நீதான். ஏன் என்று கேட்டான் ஜோசுவா. முழங்கால் வலிக்குமே என்றாள். உட்கார்ந்து வருவதற்கு முழங்கால் எதற்கு என்றான். அதற்குமேல் மறைக்க அவளால் முடியவில்லை.

"லாரி தண்ணி இல்ல. டயரு. குளுருக்கு அது ஆவாது. பாய் சொன்னாரு, நான்தான் கேக்கல."

ஜோசுவா கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, நான் ரயில்ல வந்துர்றேன்," என்றான். "காலைல நாலரை மணிக்கு, பனில, அந்த டயர்ல நீ மட்டும் தனியா வருவியா?"

இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று முழுக்க அவனைப் பற்றியும் டிராக்கைப் பற்றியும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் வேலூருக்குப் போய், குளிரிலும் இறுகாத ரோட்டு டயரை மாட்டிக்கொண்டு வந்தாள். ஷபீ பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜோசுவா பின்னால்தான் உட்கார்ந்து வந்தான். வழியெல்லாம் பனி. வண்டி கோடு போட்டதுபோலப் போனது. அவன் வழக்கம்போல டிராக்குக்கு முதுகைக் காட்டி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை என்று நிஷா எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

காலையில் இரண்டு இருபத்து மூன்று. பதினொரு மணிக்கு இரண்டு இருபத்து ஒன்றரை. ரோட்டு டயர்தான் என்றாலும் பொய் சொல்லவில்லை. எவ்வளவு சாயலாம், எங்கே பிடி விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கடைசி முறை மதியம் மூன்றுக்கு. மூன்றாவது சுற்றில் எல்லாம் கூடி வந்தது. பிரேக்கை ஒரு கார் நீளம் தள்ளிப் பிடித்தாள், முன்னால் போன இருவரை உள்பக்கமாக வெட்டினாள், நேர் ரோட்டில் பெட்ரோல் டேங்க்கின் மேல் படுத்தேவிட்டாள். அதற்கடுத்த சுற்றிலிருந்து டயர் சூடேறிக் குழைய ஆரம்பித்தது; வளைவுக்கு வளைவு பின்சக்கரம் நெளிந்தது. அதற்குமேல் அதனால் ஆகாது என்று தெரிந்து நிதானமாக உள்ளே வந்தாள். போர்டில் மூன்றாவது சுற்று போட்டிருந்தது: இரண்டு இருபது புள்ளி ஆறு.

அரை நொடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவில் முதல் குரூப் தவறிப் போயிற்று. நிஷா ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று அழுதாள். கழற்றியபோது எதிரில் ஜோசுவா தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான்.

"அந்த டயரு இருந்திருந்தா?"

"கெடச்சிருக்கும்," என்றாள். அவனிடம் இனிமேல் மறைக்க அவளுக்கு ஒன்றுமில்லை.

ஜோசுவா தலையாட்டிக்கொண்டான். பிறகு, அடுத்த தடவை அதையே போட்டுக்கொள்ளச் சொன்னான். இந்த வண்டி டிராக்குக்கு மட்டும் இருக்கட்டும், பழைய ஸ்கூட்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். வெள்ளிக்கிழமை ராத்திரியே போனில் எல்எல்ஆர் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டானாம். "கம்பெனிக்கு நான் இட்டுனு போறேன். நீ பின்னாடி உக்காரு."

நிஷாவுக்குப் பாலத்தடித் திருப்பமும், கறுப்பாகப் பளபளத்த தண்ணீரும், ஹேண்டில்பாரில் ஜோசுவாவின் கட்டுப்போட்ட கையும் கண்முன் வந்து நின்றன.

"வேணாம் ஜோசுவா. எனக்கு பயமா இருக்குது."

"மூணு வருசமா அந்தப் பெஞ்சுல உக்காந்துனு நானும் இதத்தான் சொல்லாம இருக்கறேன்," என்றான் ஜோசுவா.

பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவள் வண்டியை எடுப்பதற்காகக் காத்து நின்றான்.