இருக்கிற லைப்ரரியை இல்லை என்ற கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை தலைவலி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பொய். வயிற்றெரிச்சல்! உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். நூலின் தரம் பார்க்கும் மெஷினோடு பேசுகிற சாஃப்ட்வேரை, இருபது வருடத்துக்கு முன் சி மொழியில் எழுதிக் கொடுத்தவன் நான். அங்கே எது நின்றாலும் மேனேஜர், ‘சாரைக் கூப்பிடு’ என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடியிருக்கிறேன்.

அன்று பார்த்தால், அங்கே பழைய கம்ப்யூட்டர் செத்து, புதியது வந்திருக்கிறது. என் புரோகிராமை அதில் கம்பைல் செய்ய வேண்டும்; அதாவது, அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். சாயங்காலம் லாரி ஏற வேண்டிய நூல், டெஸ்ட் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறது.

கம்பைலுக்கு முன்னால் ‘கான்ஃபிகர்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். குட்டிக் குட்டிப் புரோகிராம்களைப் போட்டுப் பார்த்து, தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று சொல்லும். அது சொன்னது — ‘மெஷின் லைப்ரரி இல்லை.’

இல்லையா? மெஷினோடு பேச உதவும் அந்த ஃபைல் தொகுப்பு கண்ணெதிரே கிடக்கிறதே! அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இல்லை. இன்னொரு முறை... இல்லை. மதியம் வரை இதே கூத்து.

“சார், தப்பா நெனைக்காதீய. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம கோதை இருக்கா. வரச் சொல்லட்டா?” என்றார் மேனேஜர்.

கோதை, அவருக்குத் தூரத்துச் சொந்தம். சில வருடங்களுக்கு முன் என் ஆபீசுக்கு வேலை கேட்டு வந்தவள். ‘சி வராது’ என்று குறித்து அனுப்பியவன் நானேதான். இன்று வீட்டிலிருந்தபடியே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாளாம். எரியுமா, எரியாதா?

பஸ் பிடித்து வந்தாள். எனக்கும் ஒரு துண்டு பால்கோவா நீட்டினாள். பால்கோவா கசக்குமா? அன்று கசந்தது.

லைப்ரரி பக்கமே அவள் போகவில்லை. ஸ்கிரிப்ட் தான் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைத்த லாக் ஃபைலைத் திறந்தாள். நான் காலையிலிருந்து ஒரு தடவைகூடத் திறக்காத ஃபைல்!

“லைப்ரரி இருக்கு சார். அதைச் சோதிக்கிற புரோகிராம்தான் கம்பைல் ஆகல. புரோகிராம் ஆரம்பிக்கிற ‘மெயின்’னுக்கு முன்னாடி ‘இன்ட்’னு ஒரு வார்த்தை போடல பாருங்க. பழைய கம்பைலர் போனாப் போகுதுன்னு விட்டுரும். புதுசு விடாது. சோதனை ஊத்திக்கிட்டா, ஸ்கிரிப்ட் லைப்ரரியே இல்லன்னு சொல்லிருது.” பிறகு மெதுவாக, “யாரு சார் இத எழுதுனது?”

அந்த ஸ்கிரிப்ட்டின் உச்சியில் என் பெயர்.

‘இன்ட்’ என்று தட்டினாள். ஓட்டினாள். ‘இருக்கிறது’ என்றது கம்ப்யூட்டர். புரோகிராம் கம்பைல் ஆகி ரிப்போர்ட் வந்தது; லாரி கிளம்பியது.

“இம்புட்டுத்தானா? இனிமே ஒன்னயே கூப்பிட்டுக்கிடுதேன் தாயி!” என்றார் மேனேஜர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கேட்டைத் தாண்டும்போது மனசு கேட்காமல், “அன்னைக்கு இன்டர்வியூல...” என்று ஆரம்பித்தேன்.

“ஞாபகம் இருக்கு சார். பேப்பர்ல ‘இன்ட் மெயின்’னு எழுதுனேன். அது எதுக்கு வெட்டியா, மனப்பாடம் பண்ணிட்டு வந்தியான்னு சிரிச்சீய.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

லைப்ரரியும் இருந்தது, கோதைக்கு சி-யும் இருந்தது. இல்லை என்ற இரண்டு சோதனையையும் வைத்த ஆள்தான் ஒரே ஆள்!