முப்பது முன்புள்ளி

எனக்குத் தோற்பது பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரமோ தாயமோ, அலுவலக விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவதோ, எதுவானாலும் சரி. அதனால் மாத்தளை மாவட்டத்துத் தமிழர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து போனில் சொல் விளையாட்டுப் போட்டி நடத்தலாம் என்று வாட்ஸ்அப் குழு தொடங்கியபோது நான் உடனே சேர்ந்துவிட்டேன். என் கணவர் ஆச்சரியப்படவில்லை. "அப்ப இனிமே ராத்திரிச் சாப்பாடு கடையிலதான்" என்று மட்டும் சொன்னார்.

விளையாட்டு எளிதானது. திரையில் ஏழு எழுத்துகள் வரும். ஒரு நிமிடத்துக்குள் அவற்றில் சிலவற்றைக் கோத்து ஒரு சொல் அனுப்ப வேண்டும். சொல் நீள நீளப் புள்ளி கூடும். நேரம் முடிந்துவிட்டால் அந்த முறை போனதுதான்.

முதல் போட்டியில் நான் ஜெயித்தேன். இரண்டாவதிலும் நானே. மூன்றாவது தொடங்குவதற்குள் ஆட்கள் சத்தமில்லாமல் குழுவிலிருந்து கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். ஒரே ஆள் ஜெயிக்கிற போட்டிக்கு யார்தான் வருவார்கள்? அதனால் முன்புள்ளி கொடுப்பது என்று முடிவாயிற்று. எல்லாரும் சில சோதனை ஆட்டங்கள் ஆட வேண்டும். முதலில் நிற்பவருக்கும் மற்றவருக்கும் எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவையும் உண்மையான ஆட்டம் தொடங்கும்போதே அவர் கணக்கில் போட்டுவிடுவோம். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அது எவ்வளவு பொல்லாத வேலை என்று அப்போது தெரியவில்லை. சோதனை ஆட்டத்தில் மோசமாக ஆடினால் முன்புள்ளி கூடக் கிடைக்கும் அல்லவா? சீகிரியாவில் த்ரீவீலர் ஓட்டும் ஒரு தம்பி இதை உடனே கண்டுபிடித்துவிட்டான். வழக்கமாக நீளநீளமாகச் சொல் அனுப்புகிறவன், சோதனை ஆட்டத்தில் பல், கல், நெல் என்று அனுப்பிக்கொண்டிருந்தான். நான் போன் எடுத்தேன்.

"என்ன தம்பி, ஒரே பல்லும் கல்லுமா இருக்கு?"

"ஐயோ அக்கா, வெயில்ல வெள்ளக்காரங்கள ஏத்திக்கிட்டு சுத்துனதுல மூளையே வேல செய்யல."

"மூள வேல செஞ்சதாலதான் இப்பிடி அனுப்புறீங்க. திரும்ப ஆடுங்க."

சிரித்துக்கொண்டே திரும்ப ஆடினான். அவன் முன்புள்ளி பாதியாகக் குறைந்தது. எனக்கு அன்றைக்கெல்லாம் ஒரே பெருமை. என்னை ஏமாற்ற முடியுமா?

என் கணவரின் தங்கையும் போட்டியில் இருந்தாள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறாள். சோதனை ஆட்டங்களில் அவள் புள்ளி மிகக் குறைவாக இருந்தது. கணக்குப்படி முப்பது முன்புள்ளி வந்தது. குழுவிலேயே அதுதான் ஆகக் கூடியது. தமிழ் ரீச்சருக்கு முப்பதா என்று மனதுக்குள் சிரித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

அரையிறுதி வந்த வாரம் அவள் தேர் பார்க்க மாத்தளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே அந்த சீகிரியாத் தம்பியோடு ஆடினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்ன ஆட்டம் அது! எழுத்து வந்து விழ விழச் சொல் போய்க்கொண்டிருந்தது. முப்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஜெயித்தது அவள்தான். நான் கைதட்டி முடிப்பதற்குள் குழுவில் அவன் குரல் வந்துவிட்டது.

"தோக்குறது பிரச்சின இல்ல. இப்பிடி ஆடுற ஆளுக்கு எதுக்கு முப்பது? நான் பல்லு கல்லுன்னு அனுப்புனா அக்கா புடிச்சிர்றாங்க. சொந்த நாத்தனார் வேணும்னே தோத்தா மட்டும் கண்ணு தெரியாதா?"

என் காது சூடாகிவிட்டது. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கப் போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. நான் வேணும்னு தோக்கல. ஆனா பிள்ளைகளுக்கு முன்னால நிக்கிறவ நான். கள்ளம் பண்ணி ஜெயிச்சான்னு ஒரு பேச்சு வந்தப்புறம் எனக்கு ஃபைனல் எதுக்கு? நான் ஆட மாட்டேன்."

அழவில்லை, சண்டையும் போடவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். இறுதிப் போட்டியில் அவளுக்கு எதிராக ஆட வேண்டியவள் நான். ஆடாமலே கிண்ணம் எனக்குத்தான். அப்படி ஒரு வெற்றியை நினைக்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுடைய சோதனை ஆட்டங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் மோசமான சொல் எதையும் அனுப்பவே இல்லை. பாதி முறை எதுவுமே அனுப்பவில்லை. நாலைந்து தடவை முயன்ற பிறகுதான் போன் கிடைத்தது.

"ஏன் இவ்வளவு தடவ சும்மா விட்டீங்க?"

"விடலையே அண்ணி. அனுப்பினேன். அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், அப்புறம் நேரம் முடிஞ்சிரும். எல்லாருக்கும் அப்பிடித்தானே?"

"எல்லாருக்கும் அப்படி இல்லம்மா!"

"அப்படியா? ஒங்க வீட்ல ஆடுனப்ப ஒரு தடவகூட போகல. அன்னைக்கு எனக்கு நல்ல நேரம்னு நெனச்சேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இத்தனை நாளும் சிக்னல் இல்லாமல் சுற்றிய அந்த வட்டத்தை அவள் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறாள்! நானோ ரிவர்ஸ்டன் மூடுபனியை அளந்துவிட்டு, அவளுக்குத் தமிழ் இவ்வளவுதான் என்று முப்பது போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். ரத்தோட்டை தாண்டி ஏற ஏறக் குளிர் முகத்தில் அடித்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே ரோடு திரும்பும் வளைவில் மட்டும்தான் சிக்னல் வரும், மூடுபனி வந்தால் அதுவும் போய்விடும். ஊரே அங்கே வந்துதான் போன் பேசுகிறது. மதகுச் சுவரோரம் ஒருவர் நின்று பேசினால் மற்றவர்கள் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அவளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனபோது கொழும்பில் இருக்கும் மகனோடு ஒரு அம்மா பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் நான் சுவரோரம் போய் நின்றேன். குழுவில் எல்லாருக்கும் கேட்கும்படி சீகிரியாத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இப்பவே ஒரு ஆட்டம் என்னோட வாங்க. முன்புள்ளி ஒண்ணும் இல்ல."

அவன் அதுவரை என்னை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. முதல் சொல் போனது. இரண்டாவது சொல்லை அனுப்பும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. போச்சு! அடுத்ததும் போச்சு. அருமையான சொல் ஒன்று கையிலேயே செத்தது. நான் போனைத் தலைக்கு மேலே தூக்கினேன், சுவரில் ஏறினேன், கத்தினேன். தோற்றேன்.

"அக்கா?" என்று அவன் குரல் வந்தது. "என்ன அக்கா, வேணும்னே தோக்குறீங்களா?"

"எங்க நாத்தனாரும் இப்பிடித்தான் தோத்தாங்க" என்றேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அப்புறம் அவன்தான் பேசினான். "விளங்குது அக்கா. நான் பல்லு கல்லுன்னு அனுப்புனவன். அதான் எல்லாரையும் அப்பிடியே பாத்துட்டேன். ரீச்சர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க."

ரீச்சர் என் பக்கத்திலேயேதான் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணி, ஆடுவோமா?" என்றாள்.

அங்கேயே, அந்த வளைவிலேயே, ஒரே சுவரோரம் இருவரும் நின்றோம். அவளுக்கும் முன்புள்ளி இல்லை, எனக்கும் இல்லை. யார் பக்கம் என்று கணவரைக் கேட்டேன். "நான் ஒருத்தர் பக்கமும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தங்கச்சி தலைக்கு மேலே பிடித்தார். போன் பேச வந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். என் சொல் போனால் ஒரு சத்தம், அவள் சொல் போனால் இரண்டு மடங்கு சத்தம். மூடுபனி இருவரையும் ஒரே மாதிரி கடித்தது. நான் இரண்டு முறை இழந்தேன், அவளும் இழந்தாள். ஆனால் அவளுக்குப் பழக்கம் இருந்தது. எழுத்து வந்ததும் யோசித்து நிற்காமல் உடனே அனுப்பிவிட்டு, வட்டம் சுற்றுவதற்கு நேரம் விட்டாள். நானோ நீளமான சொல்லைத் தேடித் தேடிக் கடைசி நொடியில் அனுப்பி மாட்டிக்கொண்டேன்.

கடைசி முறை வந்தபோது நான்தான் கொஞ்சம் முன்னால் இருந்தேன். அவள் ஒரு சொல்லைத் தட்டினாள். வட்டம் சுற்றியது. நின்றது. திரையில் "விளக்குமாறு" என்று விழுந்தது.

வளைவே அதிர்ந்தது. "அண்ணிக்கு வெளக்குமாத்தாலயே விழுந்துருச்சு!" என்று என் கணவர் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குத் தோற்பது பிடிக்காது. ஆனாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அவளைவிட நான்தான் அதிகம் கத்தினேன் என்று இன்றும் சொல்கிறார்கள்.

மூச்சு வாங்கியதும் அவள் போனை வாயருகே கொண்டுபோய்க் குழுவுக்குப் பேசினாள். "சீகிரியா அண்ணா, ஒருநாள் இங்கிட்டு வாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு இந்த வளைவுல நின்னே ஆடுவோம். பழக்கமில்லாத எடம், ஒங்களுக்குப் பத்து முன்புள்ளி தர்றேன்."

"அப்ப எனக்கு?" என்றேன் வீம்பாக.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு அஞ்சு போதும் அண்ணி."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு அந்த ஐந்தையும் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.